யூபிலியும் கடனும்: ஒரு வழக்கறிஞர் தொழிலைப் பற்றி

(நம் பங்கின் வெள்ளி விழாவையொட்டி நடந்த குடும்ப மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்ற சொல்லை நாம் இப்பொழுது கொடியேற்றம், தேர்ப்பவனி, விழா மலர், அன்ன விருந்து என்றே விளங்கிக்கொள்கிறோம். ஆனால் லேவியராகமத்தின் 25-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். அங்கே யூபிலி என்பது கடன்பட்டவனின் காரியம். வறுமையால் நிலத்தை விற்றவனுக்கு ஐம்பதாம் ஆண்டில் நிலம் திரும்பும். கடனுக்காகத் தன்னையே விற்றுக்கொண்டவன் பிள்ளைகுட்டிகளோடு தன் வீடு திரும்புவான். கொம்பு ஊதி அறிவிக்கப்பட்ட முதல் யூபிலி, கணக்குப் புத்தகத்தை மூடுகிற யூபிலிதான்.

ஆகையால் இன்று கடனைப் பற்றிப் பேசுவது விழாவுக்குப் பொருந்தாத பேச்சு என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். இதைப் பேசத் தூண்டியவர் நம் பங்கைச் சேர்ந்த ஒரு மாணவர். திருச்சி அரசு சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறார். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார். கம்பெனிச் சட்டத்திலும் திவால் சட்டத்திலும் தேர்ச்சி பெற வேண்டும் என்பது அவர் ஆசை. அவருடைய தாயாருக்கோ அது பிடிக்கவில்லை. "கெட்டுப்போன குடும்பத்துச் சொத்தை ஏலம் போடுகிற பிழைப்பு என் பிள்ளைக்கு எதற்குச் சாமி?" என்று என்னிடம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒருவர் கவிழ்ந்துகிடக்கும்போது அவர் வாசலில் போய் நின்று ஊதியம் வாங்குகிற வேலையில் ஒரு நல்ல கிறிஸ்தவன் ஆயுள் முழுவதும் இருக்கலாமா?

நம் ஊரில் இதற்குப் பேரே வேறு. "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்" என்பார்கள். "ஐ.பி. போட்டுவிட்டான்" என்பார்கள். அதைச் சொல்லும்போதே குரல் இறங்கிவிடும். அந்த வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள். இந்த அவமானத்தில் ஒரு நன்மையும் உண்டு, ஒரு தீமையும் உண்டு. கொடுத்த வாக்கைக் காக்க வேண்டும் என்ற பயம் நன்மை. அந்த பயத்தால் நாண்டுகொண்டு சாகிற அளவுக்குப் போவது தீமை. இத்தனை ஆண்டுக் குருத்துவ வாழ்வில் கடனுக்காக உயிரை விட்டவர்களின் அடக்கச் சடங்கை நான் நடத்தியிருக்கிறேன். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு மனமில்லை.

பாரிஸ்டர் என்றதும் திருச்சிக்காரர்களுக்கு வரகனேரி வ.வே.சு. ஐயர் நினைவுக்கு வருவார். நம் தூய வளனார் கல்லூரியில் படித்தவர். லண்டன் போய் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டருக்குப் படித்து, ஆங்கில அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மனமில்லாமல் பட்டத்தையே உதறியவர். அந்தக் காலத்தில் பாரிஸ்டர் ஒரு சாதி, வக்கீல் இன்னொரு சாதி. லண்டனில் பயின்று அங்கியோடு வந்தவருக்கு ஹைகோர்ட்டில் தனி மதிப்பு. இங்கேயே படித்தவர் வக்கீல். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் இந்த வேற்றுமையை ஒழித்து எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது.

நான் சொல்ல வந்த பாரிஸ்டர் வேறொருவர். 1893-ஆம் ஆண்டு இருபத்து மூன்று வயதில் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். போர்பந்தரைச் சேர்ந்த தாதா அப்துல்லா என்ற வியாபாரிக்கும் அவருடைய உறவினர் தயப் சேட்டுக்கும் நாற்பதாயிரம் பவுன் வழக்கு. இளைஞர் அந்த வழக்கின் கணக்குகளில் மூழ்கினார். கணக்கு வழக்கு தெரியாதவர், இதற்காகவே கணக்கு வைக்கும் முறையைப் புத்தகம் வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க, வழக்கு தம் கட்சிக்காரர் பக்கம் பலமாயிருப்பதும் தெரிந்தது. வழக்கு நீண்டால் இரண்டு வீடும் வக்கீல் செலவிலேயே கரைந்துவிடும் என்பதும் தெரிந்தது. இருவரையும் மத்தியஸ்தத்துக்குச் சம்மதிக்க வைத்தார். மத்தியஸ்தர் தாதா அப்துல்லாவுக்கு வெற்றி என்று தீர்ப்புச் சொன்னார்.

வேறு வக்கீலாயிருந்தால் அதோடு பெட்டியைக் கட்டியிருப்பார். நம் இளைஞருக்கு அங்கேதான் கவலை பிறந்தது. தோற்றவர் கொடுக்க வேண்டியது செலவு நீங்கலாக ஏறக்குறைய முப்பத்தேழாயிரம் பவுன். ஒரே தடவையில் கொடுத்தால் அவர் திவால். அந்தச் சமூகத்தில் திவாலாவதைவிடச் சாவது மேல் என்ற எண்ணம். அவரும் ஒரு பைசா குறையாமல் கொடுக்கவே விரும்பினார், அவகாசம்தான் இல்லை. ஆகவே இளைஞர் வென்ற தம் கட்சிக்காரரிடமே போய் மன்றாடி, நீண்ட காலத் தவணையில் பணத்தைப் பெற்றுக்கொள்ளச் செய்தார். இருவரையும் மத்தியஸ்தத்துக்குச் சம்மதிக்க வைப்பதைவிட இதற்கே தாம் அதிகம் பாடுபட வேண்டியிருந்தது என்று பிற்காலத்தில் 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார். ஆம், மோகன்தாஸ் காந்திதான் அவர். ஒரு திவாலைத் தடுத்ததில்தான் அவருக்கு வக்கீல் தொழிலின் ருசியே பிடிபட்டது. அம்மா, உங்கள் மகன் எடுக்க நினைக்கும் பாதையின் முதல் மைல்கல் இது.

ஆனால் எல்லாத் திவாலையும் தடுத்துவிட முடியாது. சில திவால்கள் வெளிப்பட்டே ஆக வேண்டும். இப்போது சென்னைக்கு வாருங்கள். 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22, திங்கட்கிழமை. ஆர்பத்னாட் கம்பெனி கதவை மூடியது. அந்தக் காலத்து மதராஸில் பாரி, பின்னி, ஆர்பத்னாட் என்ற மூன்று பெயர்களும் மலைபோல் நின்றவை. மூன்றிலும் உறுதியானது ஆர்பத்னாட் என்றுதான் ஊரெல்லாம் நம்பியது. வெள்ளைக்காரன் கம்பெனி, சர் பட்டம் பெற்றவர் தலைமை. பென்ஷன் பணம், விதவைகளின் பணம், பிள்ளைகள் கல்யாணத்துக்கென்று சேர்த்த பணம் எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. உள்ளே நடந்ததோ வேறு. லண்டனில் மாக்ஃபேடியன் என்ற கூட்டாளியின் நிறுவனம் ஊர் தெரியாத நாடுகளின் தொழில்களில் பணத்தைச் சூதாட்டம் போல் போட்டுத் தோற்றுக்கொண்டிருந்தது. அக்டோபர் 20-ஆம் தேதி அந்த மாக்ஃபேடியன் லண்டனில் ரயிலின் முன் விழுந்து மாண்டார். தந்தி வந்தது. திங்கட்கிழமை மதராஸில் கதவு சாத்தப்பட்டது.

அந்த வீழ்ச்சியில் கடன் கொடுத்து ஏமாந்தவர்களுக்காக நின்றவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். நம் காவிரிக் கரையில் திருவிடைமருதூரில் 1863-இல் பிறந்தவர். பாரிஸ்டர் அல்லர், வக்கீல். லண்டன் பாராதவர். வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்துத் திவால் கோர்ட்டில் அவர் வாதாடியதை ஊரே பேசியது. கணக்குப் புத்தகங்கள் வெளியே வந்தன. என்றைக்கோ முழுகிப்போயிருந்த கம்பெனி, முழுகியது தெரிந்தும் புதிய வைப்புத் தொகைகளை வாங்கிக்கொண்டிருந்தது அம்பலமாயிற்று. சர் ஜார்ஜ் ஆர்பத்னாட்டுக்குக் குற்றவியல் கோர்ட்டில் பதினெட்டு மாதம் கடுங்காவல் கிடைத்தது. மோசடி செய்த வெள்ளைக்காரப் பிரபு ஒருவர் மதராஸில் கம்பி எண்ணியது அன்று சிறு காரியமா?

அந்த வழக்கால் கிருஷ்ணசாமி ஐயருக்கு ஊதியமும் பெருகியது என்று சொல்வார்கள். பெருகட்டுமே. உழைத்த கூலி. ஆனால் வாங்கிய ஊதியத்தோடு அவர் வீட்டுக்குப் போய்விடவில்லை. நம் பணத்தை நாமே காக்கிற ஒரு வங்கி வேண்டாமா என்று கேட்டு, நவம்பர் மாதமே சுற்றறிக்கை விட்டு ஆட்களைத் திரட்டினார். செட்டிநாட்டுத் தனவணிகர்கள் துணை நின்றார்கள். 1907 மார்ச் 5-இல் பதிவாகி, அவ்வாண்டு ஆகஸ்டு 15-இல் இந்தியன் வங்கி வேலை தொடங்கியது. அதே ஆர்பத்னாட் கட்டடம் பின்னால் அந்த வங்கியின் கைக்கே வந்தது. உங்களில் பலர் பென்ஷன் வாங்குகிற வங்கி ஒரு திவால் வழக்கிலிருந்து பிறந்தது என்பதை இனி கவுண்ட்டரில் நிற்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணசாமி ஐயர் 1909-இல் ஹைகோர்ட் நீதிபதியானார். 1911 டிசம்பரில், ஐம்பது வயதைக் காணாமலே மறைந்தார்.

இனி, திவால் சட்டம் என்னதான் செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். வக்கீல்கள் பொறுத்தருள்க, நான் குருமடத்தில் படித்தவன், கோர்ட்டு பாஷை எனக்குப் படியாது. பந்தி பாஷையில் சொல்கிறேன். கல்யாண வீட்டில் ஐந்நூறு பேருக்கு இலை போட்டாயிற்று. சோறு இருநூறு பேருக்குத்தான் இருக்கிறது. என்ன செய்வீர்கள்? முந்தி உட்கார்ந்தவனுக்கு வயிறு முட்டப் போட்டுவிட்டு மற்றவர்களை எழுப்பி அனுப்புவதா? எல்லா இலைக்கும் ஒரு கரண்டி என்பதுதான் சட்டம். மாப்பிள்ளையின் மாமனுக்கு மட்டும் அடுக்களை வழியாக ஒரு வாளி போகக்கூடாது. அப்படிப் போனால் வாளியைத் திரும்பப் பிடுங்கிப் பந்தியில் வைக்கும் அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டு. சென்னைக்கான 1909-ஆம் ஆண்டுச் சட்டமும், நம்மைப் போன்ற வெளி மாவட்டங்களுக்கான 1920-ஆம் ஆண்டுச் சட்டமும் இதைத்தான் சொல்கின்றன. திவால் மனுவுக்கு மூன்று மாதத்துக்குள் வேண்டிய ஒருவனுக்கு மட்டும் கடனைத் தீர்த்திருந்தால் அது செல்லாது. திவாலாவதற்கு இரண்டு ஆண்டுக்குள் மனைவி பேருக்கோ மைத்துனன் பேருக்கோ சும்மா எழுதிவைத்த வீடும் நிற்காது.

கவிழ்ந்தவனுக்கும் அதே சட்டத்தில் ஓர் இடம் உண்டு. 1909-ஆம் ஆண்டுச் சட்டம் அவன் தொழில் கருவிகளையும், அவனும் பெண்டாட்டி பிள்ளைகளும் உடுத்துகிற துணி, படுக்கை, சமையல் பாத்திரம் இவற்றையும் மொத்தம் 300 ரூபாய் மதிப்பு வரை தொடக்கூடாது என்றது. இன்று 300 ரூபாய்க்கு ஒரு குக்கர் மூடிகூட வராது, அது வேறு விஷயம். அன்றைக்கு அது ஒரு தச்சனின் உளியும் ஒரு தாயின் அடுப்படியும். திரிகைக் கல்லை அடகு வாங்காதே, அது ஒருவனின் பிழைப்பையே அடகு வாங்குவதாகும் என்று உபாகமம் எச்சரித்ததே, அந்தக் கருத்துதான் கோட்டு போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கு வந்திருக்கிறது. எல்லாம் முடிந்து, அவன் ஒளிக்காமல் கணக்குக் காட்டியிருந்தால் விடுதலை உத்தரவு உண்டு. பழைய கடன் தீர்ந்தது, புதிதாகத் தொடங்கலாம். வஞ்சகத்தால் வாங்கிய கடனுக்கு மட்டும் அந்த விடுதலை கிடையாது. விடுதலை பெறாத திவால்காரர் சட்டமன்றத்திலோ பாராளுமன்றத்திலோ உறுப்பினராக இருக்க முடியாது என்று நம் அரசியல் சாசனமே சொல்கிறது.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு. பழைய இறையியல் பாடநூல்களில் ஒரு கேள்வி உண்டு: அரசாங்கக் கோர்ட் விடுவித்துவிட்டால் மனச்சாட்சியும் விடுவித்துவிடுகிறதா? நேர்மையாய்க் கெட்டவனுக்குச் சட்டத்தின் விடுதலை மனச்சாட்சிக்கும் போதும் என்றார் சிலர். பின்னால் செல்வம் திரும்பினால் கொடுத்துத் தீர்க்கக் கடமை உண்டு என்றார் வேறு சிலர். என்னைக் கேட்டால், சீட்டுப் பிடித்து நொடித்துப்போய், பத்து வருஷம் கழித்துப் பிள்ளை தலையெடுத்ததும் வீடு வீடாகப் போய்ப் பழைய பாக்கியைக் கொடுத்த ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். கோர்ட்டில் அவர்கள் பேரில் ஒரு காகிதமும் இல்லை. இரண்டாவது கட்சி பக்கம் என் மனம் சாய்வதற்கு அவர்கள்தான் காரணம்.

இதுவரை சொன்னது தனி மனிதரும் கூட்டாளிகளும். கம்பெனி என்பது வேறு பிராணி. 'லிமிடெட்' என்று பலகை போட்டுவிட்டால் கம்பெனி ஓர் ஆள், முதலாளி இன்னோர் ஆள். லண்டனில் சாலமன் என்ற செருப்புத் தொழில்காரர் வழக்கில் 1896-இல் பிரபுக்கள் சபை இதை உறுதி செய்தது. கம்பெனி முழுகினால் முதலாளியின் வீட்டுக்கு ஜப்தி வராது. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் பெரிய தொழில்களே எழும்பியிருக்கா என்பது உண்மை. ஆனால் இதே வேலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஊரை ஏய்த்தவர்களும் உண்டு. வேலி எங்கே நிற்கலாம், எங்கே பிரிக்க வேண்டும் என்று வாதாடுவதுதான் கம்பெனி வக்கீலின் ஜீவனம்.

பொன்மலைப் பட்டறையிலும் திருவெறும்பூரிலும் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்களுக்காக ஒன்று சொல்கிறேன். ஒரு கம்பெனியைக் கலைக்க மனு போடும்போது தொழிலாளிக்குப் பேச உரிமை உண்டா? கடன் கொடுத்தவன் பேசலாம், பங்குதாரன் பேசலாம். இருபது வருஷம் இயந்திரத்தோடு கிடந்தவன் பேசக்கூடாதா? கோவைக் கம்பெனி ஒன்றின் வழக்கில் இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1982 டிசம்பரில் ஐந்து நீதிபதிகளில் மூவர், பேசலாம் என்றார்கள். இருவர் சட்டத்தில் இடமில்லை என்றார்கள். மூன்றுக்கு இரண்டு! அவ்வளவு நூலிழையில் கிடைத்த உரிமை. 1985-இல் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டு, அடமானம் வாங்கிய வங்கிக்குச் சமமான வரிசையில் தொழிலாளியின் பாக்கியும் வைக்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தொகுப்பு கம்பெனி வழக்குகளைத் தீர்ப்பாயத்துக்கு மாற்றியது. அதிலும் கடைசி இருபத்து நான்கு மாதக் கூலிப் பாக்கிக்கு அந்த உயர்ந்த வரிசை உண்டு. இப்படியொரு வாதத்தை எடுத்துச் சொல்ல ஒரு வக்கீல் வேண்டியிருந்ததல்லவா? அவரும் திவால் சட்ட வக்கீல்தான்.

கேரளத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் பெரிதும் நம்பியிருந்த பாலை சென்ட்ரல் வங்கியை 1960 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி கோர்ட்டுக்கு இழுத்துக் கலைத்ததை மூத்தவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் கண்ணீரின் பயனாக 1962 ஜனவரி முதல் வைப்புத் தொகைக்குக் காப்பீடு வந்தது. தொடக்கத்தில் ஆளுக்கு 1500 ரூபாய் வரை. 2020 பிப்ரவரி முதல் ஐந்து லட்சம் வரை. ஆனால் கவனியுங்கள், இந்தக் காப்பீடு வங்கிக்குத்தான். பைனான்ஸ் கம்பெனிக்குக் கிடையாது, நகைச்சீட்டுக்குக் கிடையாது, "மாதம் மூன்று வட்டி, நம்ம ஆளு, ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்" என்று சொல்லி வாங்குகிறவருக்கும் கிடையாது. தொண்ணூறுகளில் தமிழ்நாடு முழுவதும் பைனான்ஸ் கம்பெனிகள் சீட்டுக்கட்டு போல் சரிந்தன. 1997-இல் முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டம் வந்தது. ஏமாற்றிய நிறுவனத்தின் சொத்தோடு, அதன் பணத்தால் மற்றவர் பேரில் வாங்கிய சொத்தையும் முடக்கலாம். புகாரைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு விசாரிக்கும். ஆனாலும் ஆர்பத்னாட் விழுந்து நூறு ஆண்டுக்கு மேலாகியும், ஓய்வு பெற்ற அன்று கையில் வந்த பணத்தை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து அழுகிறவர்கள் இந்தப் பங்கிலும் இருக்கிறார்கள். பங்குத் தளத்தில், பாட்டுக் குழுவில், அன்பியக் கூட்டத்தில் பண வசூலுக்கு ஆள் பிடிக்கிற வழக்கத்தை நான் அனுமதிக்க மாட்டேன். இதை இந்த விழா மேடையிலேயே சொல்லிவைக்கிறேன்.

ஆகவே அம்மா, உங்கள் மகனைத் தடுக்காதீர்கள். தம்பி, உனக்கு ஒன்று. மனுப் போடுவதற்கு முன்னால், "வீட்டை மாமியார் பேருக்கு மாற்றிவிட்டு வாருங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று மெதுவாகச் சொல்லிக்கொடுக்கிற வக்கீல் இருக்கிறார். பந்தியிலிருந்து வாளியை அடுக்களைக்குக் கடத்துகிறவர் அவர். அந்த அறைக்குள் கேமரா இல்லை, சாட்சி இல்லை. உன் தொழில் எப்படிப்பட்டது என்று அங்கேதான் தெரியும், கோர்ட்டில் இங்கிலீஷ் பேசும்போது அல்ல. கணக்குப் பதிவியலை நன்றாகப் படி. காந்தியே படித்தார்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. கடன் தொல்லையில் இருப்பவர்களும், பணம் கொடுத்து ஏமாந்தவர்களும் வரும் மூன்று ஞாயிறும் இரண்டாம் திருப்பலிக்குப் பின் பங்கு மன்றத்துக்கு வரலாம். நம் பங்கைச் சேர்ந்த வழக்கறிஞர்கள் இருவர் கட்டணமின்றி ஆலோசனை சொல்ல இசைந்திருக்கிறார்கள். வழக்குத் தொடர வசதியில்லாதவர்களுக்கும், எந்த வருமானமுள்ள பெண்களுக்கும், கோர்ட் வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரும். அதற்கு மனு எழுதவும் உதவுவார்கள். வரும்போது ரசீது, பாஸ்புக், பத்திரம், புரோநோட்டு எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். நகல் மட்டும் கொடுங்கள், அசலை யார் கேட்டாலும் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். தனியே பேச விரும்புகிறவர்களுக்கு என் அறைப் பக்கக் கதவு திறந்திருக்கும். அந்த வழியாக வந்தால் யார் கண்ணிலும் படாமல் வரலாம்.